ஹோம்ப்ரூ உலகத்தில் சேதி எத்தனை நாளில் போய்ச் சேரும்?

#1 கோட்டைக்காவலன்

வணக்கம் மக்களே. டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாடல் விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, ஹோம்ப்ரூ, அதாவது நானே வரைந்த உலகம், கதை நடத்தும் டிஎம் நான், ஐந்து பிளேயர்கள். போன செஷனில் ஒரு தகராறு. தீர்க்க முடியாமல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நிலவரம் இதுதான். வடக்கு எல்லைக் கோட்டையின் தளபதியை பார்ட்டி, அதாவது பிளேயர்களின் பாத்திரக் குழு, கொன்றுவிட்டது. (அவன் துரோகிதான், ஆனால் அது ராஜாவுக்குத் தெரியாது.) அங்கிருந்து தலைநகர் 900 கிலோமீட்டர். நல்ல கல் சாலை உண்டு. விதிப்படி வேகநடை நாளுக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். அப்படியே கணக்குப் போட்டு 19ஆம் நாள் தலைநகர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் காவலர்கள் ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைது செய்ய வந்தார்கள். அவ்வளவுதான், மேசையே அதிர்ந்தது. "நாங்கள் எங்கேயும் நிற்காமல் வந்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் சேதி எப்படி வந்தது? உன் கதைக்காக இழுக்கிறாய்" என்கிறார்கள். ராஜாவுக்கு ஆள் இருக்காதா என்று கேட்டேன். எடுபடவில்லை.

மந்திரம் குறைவான உலகம். ராஜ்ஜியம் முழுக்கத் தேடினாலும் 5ஆம் லெவலும் அதற்கு மேலும் உள்ள மந்திரக்காரர்கள் முப்பது பேர் தேறுவார்கள். இதில் ஒரு சேதி நியாயமாக எத்தனை நாளில் போகும்?

#2 பகடை20

சென்டிங், அதாவது சேதி அனுப்பும் மந்திரம். மூன்றாம் லெவல், 25 சொல், தூரக் கணக்கே கிடையாது. கொலை நடந்த அடுத்த நிமிடம் ராஜா காதில். இழையை மூடலாம்.

#3 குதிரைலாடம்

மூடாதீர்கள், நான் இப்போதுதான் வந்தேன்.

எல்லோரும் முதலில் குதிரை என்ன வேகத்தில் ஓடும் என்று கேட்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. ஒரே ஆள் ஒரே குதிரையில் போனால் நாளுக்கு 50, 60 கிலோமீட்டர். அதற்கு மேல் விரட்டினால் சில நாளில் குதிரை படுத்துவிடும். உங்கள் 900 கிலோமீட்டருக்கு அவனுக்கு 15 முதல் 18 நாள் ஆகும். வழியில் ஒரு மழை, ஒரு லாடம் கழன்றது என்றால் பார்ட்டி அவனை முந்திவிடும். இந்த இடத்தில் உங்கள் பிளேயர்கள் சொல்வது சரி.

வழியில் குதிரை மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. மாற்ற முடிந்தால் கணக்கே வேறு. பாரசீக ராஜபாட்டை சார்டிஸிலிருந்து சூசா வரை. நடந்து போனால் 90 நாள், வழியில் 111 நிலையம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதே தூரத்தை அஞ்சல் குதிரைக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒன்றரை வாரத்துக்குள் முடித்திருப்பார்கள் என்பது இன்றைய மதிப்பீடு. ரோம் அரசு அஞ்சலின் சாதாரண வேகம் நாளுக்கு 50 மைல் சுமார். ஆனால் கி.மு. 9இல் தம்பி சாகக் கிடக்கிறான் என்று கேட்டு, பின்னால் பேரரசரான டைபீரியஸ் ஓடியபோது ஒரு பகல் ஒரு இரவில் 200 ரோமானிய மைல் கடந்தார். அதே சாலை, அதே மாதிரிக் குதிரை. அவசரமும் அதிகாரமும்தான் வேறு.

எனக்குப் பிடித்த உதாரணம் டிரஃபால்கர் கடற்சண்டை. சண்டை 1805 அக்டோபர் 21. சேதியோடு வந்த பிக்கிள் என்ற சின்னக் கப்பல் நவம்பர் 4 அன்றுதான் ஃபால்மவுத் கரைக்கு வந்தது. அங்கிருந்து அதன் தலைவர் லாபெனோட்டியர் வாடகை வண்டியில் லண்டனுக்கு 271 மைல் போனார். 21 முறை குதிரை மாற்றம், சுமார் 37 மணி நேரம். கடலில் இரண்டு வாரம், தரையில் ஒன்றரை நாள். போய்ச் சேர்ந்ததும் செலவுக் கணக்கும் கொடுத்தார்: 46 பவுண்டு 19 ஷில்லிங் 1 பென்னி. சேதிக்குச் செலவு உண்டு என்பதை டிஎம்கள் மறந்துவிடுகிறோம்.

உங்கள் சாலைக்கு என் கணக்கு: தனி ஆள், தனிக் குதிரை என்றால் 15 முதல் 18 நாள். ஆள் ஒருவனே, குதிரை மட்டும் மாறும், ராத்திரி தூங்குவான் என்றால் 9 முதல் 11. ஆளும் மாறி, குதிரையும் மாறி, இரவு பகல் ஓடினால் 4 நாள். மூன்றாவது வகை இருந்தால் பார்ட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தலைநகருக்குத் தெரியும்.

#4 கோட்டைக்காவலன்

அருமை. ஆனால் மூன்றாவது வகைக்கு எத்தனை நிலையம் வேண்டும்? என் ராஜா அவ்வளவு பணக்காரர் இல்லை.

#5 குதிரைலாடம்

20 கிலோமீட்டருக்கு ஒன்று வைத்தால் 45 நிலையம். நிலையத்துக்கு ஆறு குதிரை என்றாலே 270 குதிரை, அதற்குக் கொள்ளு, புல், லாடக்காரன், காவல். அதுவும் ஒரே ஒரு சாலைக்கு. அமெரிக்காவில் போனி எக்ஸ்பிரஸ் மிசூரியிலிருந்து சாக்ரமென்டோ வரை சுமார் 1,900 மைலைப் பத்து நாளில் கடந்தது. அதற்கு ஏறத்தாழ 190 நிலையங்கள், 400க்கு மேல் குதிரைகள். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஆரம்பத்தில் 5 டாலர் வாங்கியும் நஷ்டம். 1860 ஏப்ரலில் தொடங்கியது, 1861 அக்டோபரில் தந்திக்கம்பி வந்ததும் முடிந்தது. கதைகளில் நூறு வருடம் ஓடிய மாதிரி தெரியும்.

ஆகவே ஏழை ராஜா ஒரு சாலைக்குத்தான் இதை வைப்பார், எதிரி எந்தப் பக்கம் இருக்கிறானோ அந்தச் சாலைக்கு. சேதி பரவுவதை வரைபடத்தில் வட்டம் வட்டமாகப் போடாதீர்கள். அது விரித்த கை விரல் மாதிரி நீளும். சாலையோர ஊருக்கு நான்காம் நாளே தெரிந்த விஷயம், சாலையிலிருந்து 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு ஒரு மாதம் கழித்து உப்பு வியாபாரி சொல்லித்தான் தெரியும். பார்ட்டி ஒளிய வேண்டுமானால் தூரமாக ஓட வேண்டியதில்லை, ஓரமாக ஓடினால் போதும்.

இன்னொன்று. நிலையம் இருந்ததால் நாளைக்கும் இருக்கும் என்று இல்லை. ரோமானிய அஞ்சலின் முந்தைய அமைப்பில் ஒரு நாள் பயண தூரத்துக்கு எட்டு நிலையம், குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றிலும் 40 குதிரை வரை இருந்தது என்கிறார் பைசாந்திய வரலாற்றாசிரியர் ப்ரொகோப்பியஸ். பேரரசர் ஜஸ்டினியன் செலவைக் குறைக்கக் கிழக்குச் சாலையில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, பல இடத்தில் கழுதையைக் கொடுத்துவிட்டார் என்று புலம்புகிறார். அவருக்கு ஜஸ்டினியனைக் கண்டாலே ஆகாது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் கேம்ப்பெயினுக்கு (பல செஷன் நீளும் தொடர்கதைக்கு) இது தங்கச் சுரங்கம். போன வருடம் நிதி மந்திரி ஏழு நிலையத்தை மூடிவிட்டார் என்று ஒரு வரி வையுங்கள், நடுவில் 160 கிலோமீட்டர் பள்ளம் விழுந்துவிடும்.

#6 மையத்துளி

சென்டிங் பற்றி பகடை20 சொன்னதற்கு வருகிறேன்.

பெறுபவர் அனுப்புபவருக்குப் பழக்கமானவராக இருக்க வேண்டும் என்பது விதி. கோட்டையில் 5ஆம் லெவல் கிளெரிக்கோ (பூசாரி) விசார்டோ (மந்திரவாதி) இருந்தாரா? இருந்தால் தளபதி செத்த அன்று உயிரோடு இருந்தாரா? மூன்றாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) அவரிடம் மிச்சம் இருந்ததா, பார்ட்டி மேலே ஃபயர்பால் போட்டே தீர்த்துவிட்டாரா? அவருக்கு ராஜாவைப் பழக்கமா, தலைநகர்க் கோயில் குருவை மட்டுமா? குருவுக்குத்தான் என்றால் குரு அதை ராஜாவிடம் சொல்வாரா, நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவாரா? முப்பது பேர் இருக்கும் நாட்டில் ராஜா சம்பளத்துக்கு எல்லையில் போய் உட்காரச் சம்மதிப்பவர் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

நான் நடத்துவது எபெரான் என்ற, இதே விளையாட்டின் இன்னொரு உலகம். அங்கே மந்திரச் சேதி ஒரு தொழில். சிவிஸ் என்ற நோம் (குள்ள இனம்) குடும்பம் ஊருக்கு ஊர் சேதி நிலையம் வைத்திருக்கிறது, பேசும் கல் வழியாக அனுப்புகிறார்கள். மூட்டைக்கும் ஆளுக்கும் ஓரியன் குடும்பம், மின்னல் ரயிலோடு. அங்கே வேகத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நோம் உங்கள் சேதியைப் படிக்கிறார், அவர் வாயை நம்பலாமா என்பதுதான் அங்கே பிரச்சினை.

அனிமல் மெசஞ்சர் (பிராணியிடம் சேதி கொடுத்து அனுப்பும் மந்திரம்) பக்கம் போய்விடாதீர்கள். பறக்கும் பிராணி 24 மணி நேரத்தில் 50 மைல், மற்றவை 25 மைல். இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் மந்திரம் 24 மணி நேரம்தான் நிற்கும். மேலே ஒவ்வொரு லெவலுக்கும் 48 மணி நேரம் கூடும். 900 கிலோமீட்டர் என்பது 559 மைல். ஏழாம் லெவல் ஸ்லாட் போட்டால் 264 மணி நேரம், 550 மைல். ஊர் எல்லைக்கு 9 மைல் இருக்கும்போது குருவிக்கு எல்லாம் மறந்துவிடும்.

#7 பகடை20

குருவி பாவம்.

சரி அக்கா, ஆனால் எதிர்க் கேள்வி. மூன்று பேர் போதுமே? ஒருவர் கோட்டை, ஒருவர் தலைநகர், ஒருவர் துறைமுகம். ராஜா முட்டாள் இல்லை என்றால் முதலில் அந்த மூன்று பேரைத்தான் பிடித்து வைப்பார். குதிரை லாயத்துக்கு ஆகும் செலவைவிட ஒரு விசார்டுக்கு மாளிகை கட்டிக் கொடுப்பது மலிவு.

அப்புறம் 25 சொல் என்பதெல்லாம் இங்கிலீஷ்காரனுக்குத்தான் கஷ்டம். எங்கள் மேசையில் ஒருவன் "தளபதியைக்கொன்றுவிட்டுத்தப்பியோடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதி ஒரு சொல் என்று கணக்குக் காட்டினான். இலக்கணப்படி டிஎம் வாயடைத்துப் போனார்.

#8 மையத்துளி

தந்தி ஆபீஸிலும் இந்தத் தந்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சொல்லுக்கு இத்தனை எழுத்து என்று உச்சவரம்பு வைத்தார்கள். எங்கள் மேசையில் பத்து விநாடி. மூச்சு விடாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று விசார்ட் யோசனை நல்லதுதான். ஆனால் அப்போது எதிரி நாட்டு ஒற்றனுக்கும் வேலை சுலபம், மூன்று பேரைக் கொன்றால் ராஜ்ஜியமே செவிடு. ராஜாவுக்கும் அது தெரியும். அதனால் குதிரையைக் கைவிட மாட்டார்.

#9 ஓலைநாயகம்

தம்பி கோட்டைக்காவலன், எல்லோரும் "சேதி" என்று ஒன்றாகவே பேசுகிறார்கள். தளபதி செத்தான் என்பது ஒரு சேதி. யார் கொன்றது என்பது இன்னொன்று. அவர்கள் பார்க்க எப்படி இருப்பார்கள் என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒரே வண்டியில் போகாது.

பைசாந்தியத்தில் 9ஆம் நூற்றாண்டில் லியோ என்ற கணித அறிஞர் ஏற்பாடு செய்த தீப்பந்த வரிசை ஒன்று இருந்தது. அரபு எல்லையில் லூலோன் கோட்டை, அங்கிருந்து மலை மலையாகத் தீ ஏற்றி கான்ஸ்டான்டிநோபிள் வரை. சுமார் 720 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஆனால் தீயால் "ஆமாம்" என்று மட்டும்தானே சொல்ல முடியும்? அதற்கு அவர் இரண்டு முனையிலும் ஒத்து ஓடும் இரண்டு நீர்க்கடிகாரம் வைத்தார். முதல் மணியில் தீ எரிந்தால் கொள்ளைப் படை, இரண்டாவதில் போர் என்று பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டு அர்த்தம். முன்கூட்டிப் பேசி வைத்த பன்னிரண்டில் ஒன்றைத்தான் அனுப்ப முடியும். பதின்மூன்றாவது நடந்தால் வழியில்லை. மூடுபனி என்றால் எதுவுமே இல்லை.

உங்கள் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். கொலை நடந்த இரவே, ஒன்றரை மணி நேரத்தில் "வடக்குக் கோட்டையில் ஆபத்து" என்று தலைநகருக்குத் தெரியும். அவர்கள் படையைத் தயார் செய்வார்கள், வாசலில் சோதனை கூடும், வடக்கத்தியான் என்றாலே முறைப்பார்கள். ஆனால் ஐந்து பேரின் பெயர் தெரியாது. நான்காம் நாளோ பத்தாம் நாளோ ஓலை வரும். அதில் பெயர் இருக்குமா என்பது கோட்டையில் யார் பிழைத்தார், அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது வாரம் வியாபாரிகள் வழியாக வதந்தி வரும். அதில் ஐந்து பேர் ஐம்பது பேராகி, ஒருவனுக்குக் கொம்பும் முளைத்திருக்கும்.

அங்க அடையாளம் எழுதி அனுப்புவது நடக்காத காரியம் என்று பிளேயர்கள் சொன்னால் இப்னு பதூதா என்ற பயணியைக் காட்டுங்கள். 1333இல் சிந்துக்கு வந்தவர். புதிதாக யார் நாட்டுக்குள் வந்தாலும் அவர் முகம், உடை, கூட வந்தவர்கள், வேலையாட்கள், விலங்குகள் வரை உளவு அதிகாரிகள் சுல்தான் முகமது பின் துக்ளக்குக்கு எழுதிவிடுவார்கள் என்கிறார். சிந்திலிருந்து டெல்லி 50 நாள் பயணம், அஞ்சல் 5 நாளில் போய்விடும். குதிரை அஞ்சலும் உண்டு, கால் அஞ்சலும் உண்டு. கால்தான் வேகம் என்கிறார். மைலுக்கு மூன்று இடத்தில் ஆள் தயாராக நிற்பான். ஓடுகிறவன் ஒரு கையில் கடிதம், மறுகையில் இரண்டு முழக் கம்பு, அதன் முனையில் செம்பு மணிகள். மணிச்சத்தம் கேட்டதும் அடுத்தவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்பான். கைமாறும் நேரத்தில் ஒரு நொடி வீணாகாது. டெல்லி சுல்தான் தௌலதாபாத்தில் இருந்தபோது கங்கைத் தண்ணீரே 40 நாள் தூரம் இப்படித்தான் போனது.

#10 நெல்லை_எல்ஃப்

நான் டிஎம் இல்லை, எப்போதும் பிளேயர்தான். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

வாசலில் பிடிபட்டதில் எங்களுக்குக் கோபம் வராது. தடுக்க ஒரு வாய்ப்பே தரவில்லை என்றால்தான் வரும். ஆறாம் நாள் சாயங்காலம், பின்னால் மணிச்சத்தம், ஒருவன் எங்களைத் தாண்டி ஓடுகிறான் என்று டிஎம் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எங்கள் ரோக் (திருடன் பாத்திரம்) உடனே வில்லை எடுத்திருப்பான். கிளெரிக் தடுத்திருப்பாள், அப்பாவி அஞ்சல்காரனைக் கொல்வதா என்று. ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்போம். விட்டுவிட்டுப் பிறகு மாட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு சிறைக்குப் போயிருப்போம். கோட்டைக்காவலன் பிளேயர்கள் கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன், கிலோமீட்டர் கணக்கை இல்லை.

#11 பகடை20

நெல்லை சொன்னது சரி. அதனால்தான் இந்தக் கணக்கு வழக்கே தேவையில்லை என்கிறேன். கதைக்கு எப்போது தேவையோ அப்போது சேதி வரட்டும். காவலன் பெயர் சொல்லி அழைத்தான், காட்சி நன்றாக இருந்தது, அதற்கு ஒரு காரணம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். நாங்கள் சனிக்கிழமை ராத்திரி விளையாட உட்காருவது நிலையக் கணக்கு எழுத அல்ல.

#12 ஓலைநாயகம்

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தால்தான் பிளேயருக்கு அதன் வாசனை வந்துவிடுகிறது தம்பி. அங்கேதான் "இழுக்கிறாய்" என்ற சொல் வருகிறது.

என் வழக்கம் இது: சேதி புறப்படும் அன்றே எழுதி வைத்துவிடுவேன், அது போய்ச் சேரும் அன்று முடிவு செய்ய மாட்டேன். தளபதி செத்த செஷன் முடிந்ததும் நோட்டில் நாலு வரி. உடலைப் பார்த்தது யார், அவனுக்கு என்ன தெரியும், எந்த வழியில் அனுப்பினான், எந்தத் தேதியில் எங்கே சேரும். அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. நடுவில் பார்ட்டி ஓலைக்காரனை மடக்கினால் அந்த வரியை அடித்துவிடுவேன். மடக்காவிட்டால் அந்தத் தேதியில் சேதி சேரும், எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஒரு தடவை இதனாலேயே என் பெரிய வில்லன் தன் படை தோற்றது தெரியாமல் பார்ட்டிக்கு விருந்து வைத்தான். நான் திட்டமிட்ட காட்சி வேறு. இது அதைவிட நன்றாக வந்தது.

புதிய யோசனை ஒன்றும் இல்லை. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இல் டிஎம்களுக்கு எழுதிய கையேட்டில், நாள் கணக்கைக் கண்டிப்பாக எழுதி வைக்காவிட்டால் கேம்ப்பெயினுக்கு அர்த்தமே இல்லை என்று பெரிய எழுத்தில் கத்தியிருக்கிறார். அவர் நிறைய விஷயத்தில் தேவைக்கு மேல் கத்துவார், இதில் சரி.

#13 குதிரைலாடம்

ஓலைநாயகம் ஐயா சொன்ன விருந்துக்கு நிஜ வரலாற்றில் ஜோடி உண்டு. பிரிட்டனும் அமெரிக்காவும் கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1814 டிசம்பர் 24. நியூ ஆர்லியன்ஸ் பெருஞ்சண்டை 1815 ஜனவரி 8. உடன்படிக்கை நியூயார்க்குக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது பிப்ரவரி 11. (வாஷிங்டன் ஒப்புதல் தந்த பிறகுதான் போர் சட்டப்படி முடியும் என்பதால், சமாதானம் ஆன பிறகு நடந்த சண்டை என்று அப்படியே சொல்வது முழுச் சரி இல்லை. ஆனால் களத்தில் நின்ற யாருக்கும் கையெழுத்து ஆன விஷயமே தெரியாது.) அந்த ஏழு வாரத் தாமதத்தில் ஒரு முழு கேம்ப்பெயின் ஆடலாம் பகடை. கணக்கு எழுதினால் நாடகம் போய்விடும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு கொக்கி. நிலையத்தில் யார் வேண்டுமானாலும் குதிரை கேட்க முடியாது. மங்கோலியர்களிடம் பாய்சா என்ற உலோகப் பட்டயம், ரோமில் அரசு அனுமதிச் சீட்டு. பிளினி என்ற ரோமானியர் ஆளுநராக இருந்தபோது, தன் தாத்தா இறந்த துக்கத்துக்கு மனைவி அவள் அத்தையைப் பார்க்கப் போக ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, பேரரசர் டிராஜனுக்கு விளக்கக் கடிதம் எழுதுகிறார். அவ்வளவு கண்டிப்பு. உங்கள் பார்ட்டி செத்த தளபதியின் மேசை டிராயரைத் தேடியிருந்தால் அந்தப் பட்டயம் கிடைத்திருக்கும். 19 நாள் நடந்திருக்கவே வேண்டாம். நாலு நாளில், ராஜா குதிரையிலேயே, ஓலைக்காரனோடு போட்டி போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

#14 நெல்லை_எல்ஃப்

டிராயரைத் தேடாத பார்ட்டி உலகத்தில் உண்டா என்ன.

#15 கோட்டைக்காவலன்

தேடினார்கள். நான்தான் அதில் வெறும் 40 தங்கக்காசு வைத்திருந்தேன்.

புறாவை யாரும் சொல்லவில்லையே? எல்லைக் கோட்டையில் புறாக்கூடு இருக்கலாம் இல்லையா? போக வர இரண்டு நாள் என்று போடலாமா?

#16 மையத்துளி

போகலாம், வர முடியாது. புறா தன் கூட்டுக்குத் திரும்பும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தலைநகரில் வளர்ந்த புறாவைக் கூண்டில் போட்டு வண்டியில் கோட்டைக்குக் கொண்டு வர வேண்டும். அதைத் திறந்துவிட்டால் தலைநகருக்குப் போகும். பதில் வேண்டுமென்றால் கோட்டையில் வளர்ந்த புறா தலைநகரில் இருக்க வேண்டும். ரொம்ப நாள் கோட்டையிலேயே வைத்துத் தீனி போட்டால் சில புறாக்கள் கோட்டையையே வீடாக நினைக்க ஆரம்பித்துவிடும். ராத்திரியில் பொதுவாகப் பறக்காது, வல்லூறு அடித்துவிடும், மழைக்கு ஒதுங்கும். அதனால் ஒரே சேதியை மூன்று புறாவில் அனுப்புவார்கள். மம்லுக் ஆட்சியில் கெய்ரோ, டமாஸ்கஸ் வழியில் கோபுரம் கோபுரமாகக் கூடு கட்டி, ஒவ்வொரு கோபுரத்திலும் புறா மாற்றினார்கள். ஒரு தடவையில் பறக்கிற தூரம் குறைந்தால் தொலைவதும் குறையும்.

900 கிலோமீட்டர் ஒரே புறா என்றால் நல்ல வானிலையில் ஒன்று அல்லது இரண்டு நாள். நிஜமாகவே வேலை செய்கிற முறைதான். ஒடிசா காவல்துறை 1946இல் ஆரம்பித்த புறாப் படையை 2002 வரை சேதிக்கு வைத்திருந்தது. 1948இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குப் புறாவில் தகவல் அனுப்பினார்.

ஆட்டத்தில் நான் புறாவை அம்பு மாதிரி எண்ணுவேன். கோட்டையில் தலைநகர்ப் புறா ஏழு மிச்சம். அடுத்த வண்டி வசந்தத்தில்தான் வரும். ஏழாவது புறாவை எதற்கு அனுப்புவது என்று கோட்டைக்குள் நடக்கும் வாக்குவாதத்துக்கே ஒரு செஷன் போகும்.

#17 கோட்டைக்காவலன்

முடிவுக்கு வந்துவிட்டேன். சாலையில் குதிரை நிலையம் உண்டு, ஆனால் பகலில் மட்டும், 10 நாள். தீப்பந்த வரிசையும் உண்டு. கோட்டையில் பிழைத்தவன் சமையற்காரன் ஒருவன்தான், அவனுக்கு எங்கள் பார்டின் (பாடகன் பாத்திரம்) பெயர் மட்டும் தெரியும், ஏனென்றால் அந்தப் பாடகன் முந்தின ராத்திரி முழுக்கத் தன் பெயரை வைத்தே பாட்டுப் பாடினான். ஆகவே வாசலில் ஒருவனைத்தான் பெயர் சொல்லிக் கேட்பார்கள். மற்ற நாலு பேரும் என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

#18 அலைவாய்

இழையை இப்போதுதான் பார்த்தேன், கொஞ்சம் திசை திருப்புகிறேன். என் உலகம் முழுக்கத் தீவுகள். குதிரையும் இல்லை, சாலையும் இல்லை. பாய்மரம் நாளுக்கு இத்தனை மைல் என்று ஒரே எண் வைத்துக்கொள்ளலாமா?

#19 ஓலைநாயகம்

வேண்டாம். கடலில் சராசரி என்பது ஏமாற்று வேலை. கான்ஸ்டான்டிநோபிள் சேதி வெனிஸுக்கு வர 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சராசரியாக ஐந்து வாரம். பிரோடல் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டும் பட்டியலில் மிக வேகமாக வந்தது 15 நாள், மிகத் தாமதமாக வந்தது 81. ஒரே வழி! நல்ல சேதி முந்தியும் கெட்ட சேதி பிந்தியும் வரும், முதலில் அனுப்பியது கடைசியில் வந்து சேரும். அந்தக் காலத்து ராஜாக்கள் சந்தித்த குழப்பமே அதுதான்.

பகடையில் செய்யலாம். அடிப்படை நாள் எவ்வளவோ அதை எடுத்துக்கொண்டு, ஒரு டி6 (ஆறு முகப் பகடை) உருட்டுங்கள். 1 வந்தால் பாதி நாள். 2 முதல் 4 வரை அப்படியே. 5 என்றால் ஒன்றரை மடங்கு. 6 என்றால் இரண்டு மடங்கு, மறுபடி உருட்டு. மறுபடியும் 6 என்றால் கப்பல் வரவே இல்லை.

பருவக்காற்று இருக்கிற கடல் என்றால் பகடையை மூட்டை கட்டுங்கள். செங்கடலிலிருந்து மலபார் போன கப்பல்கள் தென்மேற்குக் காற்றைப் பிடிக்க எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்பின, திரும்ப வடகிழக்குக் காற்றுக்காக டிசம்பர், ஜனவரி வரை காத்திருந்தன. கேள்வி கேட்டவனுக்குப் பதில் அடுத்த வருடம். எவ்வளவு தங்கம் கொட்டினாலும் காற்று முன்னால் திரும்பாது.

#20 பகடை20

அந்தத் தீவில் ஒரு சென்டிங் விசார்ட் இருந்தால் மிளகு விலை அவனுக்கு ஒரு வருடம் முன்னாலேயே தெரியும். ராஜா வேலையை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிடுவான்.

#21 அலைவாய்

அதுதான் என் வில்லன். நன்றி பகடை, அவனுக்கு இத்தனை நாளாகத் தொழில் என்ன என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். லெவல் 5 போதும் இல்லையா?

#22 மையத்துளி

5 போதும். ஆனால் அக்கரையில் அவனுக்கு நன்றாகப் பழகிய ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்று முதலில் எழுதுங்கள், பார்ட்டி நேராக அவனைத்தான் தேடிப் போகும்.